தைராய்டு சுரப்புக் குறையும் உணவும்

தைராய்டு சுரப்புக் குறை என்பது, கழுத்தின் முன்பகுதியில் குரல்வளைக்குச் சற்றுக் கீழே அமைந்துள்ள தைராய்டு சுரப்பி உடலுக்குத் தேவையான அளவு இயக்குநீரைச் சுரக்காத நிலையாகும். களைப்பு, உடல் எடை கூடுதல், குளிர் தாங்காமை, மலச்சிக்கல், தோல் வறட்சி ஆகியன இதன் முதன்மையான அறிகுறிகள். உணவினால் மட்டும் இக்குறை பெரும்பாலும் தீர்வதில்லை. ஆயினும் உட்கொள்ளும் மருந்து முழுப் பயன் தருவதில் உணவுக்கும் அதனை உண்ணும் நேரத்துக்கும் பெரும் பங்கு உண்டு.

அயோடின்

இச்சுரப்பியின் முதன்மை இயக்குநீரான தைராக்சினின் ஒவ்வொரு மூலக்கூறிலும் நான்கு அயோடின் அணுக்கள் உள்ளன. வளர்ந்தோருக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் அயோடினும், கருவுற்ற பெண்களுக்கு 250 மைக்ரோகிராமும் தேவை என உலக சுகாதார அமைப்பு பரிந்துரைக்கிறது. அயோடின் பற்றாக்குறையால் முன்கழுத்துக் கழலை உண்டாகும். இதனைத் தடுக்க இந்திய அரசு 1962 ஆம் ஆண்டில் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது.

அயோடின் கலந்த உப்பு பரவலாகப் பயன்படும் இடங்களில் சுரப்புக் குறைக்கு முதன்மைக் காரணம் வேறாகும். உடலின் நோய் எதிர்ப்பாற்றலே சுரப்பியைத் தாக்கும் இந்நோயை, சப்பானிய மருத்துவர் ஹகாரு ஹஷிமோட்டோ 1912 ஆம் ஆண்டில் விவரித்தார். இந்நோய் உள்ளோர் கடற்பாசி மாத்திரை போன்றவற்றால் மிகுதியான அயோடினை உட்கொண்டால் சுரப்பு மேலும் குறையக்கூடும். சமையலுக்கு வழக்கமாகச் சேர்க்கும் அயோடின் உப்பே போதுமானது.

முட்டைக்கோசும் மரவள்ளியும்

முட்டைக்கோசு, பூக்கோசு, மரவள்ளிக் கிழங்கு ஆகியவற்றில் உள்ள சில பொருட்கள் சுரப்பி அயோடினைப் பயன்படுத்துவதைத் தடுக்கின்றன. சமைக்கும்போது இவற்றின் தாக்கம் குறைகிறது. போதிய அயோடின் பெறுவோர் இவற்றைச் சமைத்து அளவோடு உண்ணலாம். அறவே விலக்க வேண்டியதில்லை.

மருந்தும் உணவும்

இக்குறைக்கு லெவோதைராக்சின் மாத்திரை வழங்கப்படுகிறது. இதனைக் காலையில் வெறும் வயிற்றில் தண்ணீருடன் விழுங்கி, 30 முதல் 60 நிமிடங்கள் கழித்தே உணவு உண்ண வேண்டும். காப்பி இம்மருந்து குடலில் உறிஞ்சப்படுவதைக் குறைப்பதால், காலைக் காப்பிக்கும் இதே இடைவெளி தேவை. இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து மாத்திரைகளுக்கும் இம்மருந்துக்கும் இடையே நான்கு மணி நேரம் விட வேண்டும். சோயா உணவுகளும் உறிஞ்சுதலைப் பாதிக்கலாம். மருந்தளவை மாற்றியபின் 6 முதல் 8 வாரங்களில் இரத்தப் பரிசோதனை செய்யப்படுகிறது. இடைவெளி பேணப்படாவிடில் மருந்தளவு போதவில்லை என்பது போன்ற முடிவு வரலாம்.

கருவுற்ற காலம்

கருவின் மூளை வளர்ச்சிக்குத் தொடக்க மாதங்களில் தாயின் தைராக்சினே ஆதாரம். எனவே கருவுற்றவர்கள் மருந்தை நிறுத்தலாகாது. பெரும்பாலோருக்குக் கூடுதல் அளவு தேவைப்படும். கருவுற்றது தெரிந்த உடனே மருத்துவரை அணுகுவது நன்று. இக்காலத்தில் இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து மாத்திரைகளும் வழங்கப்படுவதால், மேற்கூறிய நான்கு மணி நேர இடைவெளி மேலும் இன்றியமையாததாகிறது.