காலணியில் உள்ள எண் காலின் அளவு அல்ல: மலைப்பயணம் செல்வோரும் நீரிழிவு நோயாளிகளும் அறிய வேண்டியவை

பொன்முடி (திருவனந்தபுரம்): திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாக ஏறக்குறைய 60 கி.மீ. பயணம் செய்தால் பொன்முடியை அடையலாம். கல்லாறுக்கு மேல் 22 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து, கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ள இந்த மலைவாசத்தலத்துக்கு ஆண்டு முழுவதும் சுற்றுலாப் பயணிகள் வருகின்றனர். அவர்களுள் பெரும்பாலோர் வாகனத்திலேயே மேலே வந்துவிடுகின்றனர். ஆனால் ஈரப் புல்வெளியிலும், பாசி படிந்த கற்களிலும், சரிவான ஒற்றையடிப் பாதைகளிலும் நடக்கத் தொடங்கிய பின்னரே காலணியின் குறை தெரிய வருகிறது.

மலை ஏறும்போது குதிகால் காலணிக்குள் மேலும் கீழும் உராய்கிறது. இறங்கும்போது உடலின் எடை முன்னோக்கித் தள்ளப்படுவதால் விரல் நுனிகள் காலணியின் முன்பகுதியில் மோதுகின்றன. கொப்புளம், நகத்தடி இரத்தக்கட்டு ஆகியவற்றுக்கு இதுவே பொதுவான காரணம். பெரும்பாலோருக்கு இது இரண்டு நாள் வலி. ஆனால் நீரிழிவு நோயால் கால் உணர்வு குறைந்தவர்களுக்கு அதே கொப்புளம் ஆறாத புண்ணாக மாறி, காலையே இழக்கும் நிலை வரை கொண்டு செல்லக்கூடும்.

இந்த எச்சரிக்கைக்குக் கேரளத்தில் தனி முக்கியத்துவம் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆதரவுடன் நடத்தப்பட்டு 2023ஆம் ஆண்டு வெளியான நாடு தழுவிய ஆய்வின்படி, இந்தியாவில் சுமார் 10.1 கோடி பேருக்கு நீரிழிவு உள்ளது. நாட்டின் வயது வந்தோரில் 11.4 சதவீதம் பேர் இந்நோயால் பாதிக்கப்பட்டுள்ள நிலையில், கேரளத்தில் அந்த விகிதம் 25.5 சதவீதம். அதாவது, ஏறத்தாழ நான்கு பேரில் ஒருவர். ஆகவே, குடும்பத்துடன் மலைப்பயணம் செல்லும் பல குழுக்களில் குறைந்தது ஒருவருக்கேனும் காலணித் தேர்வு என்பது அழகு சார்ந்த விஷயம் அல்ல, உடல்நலம் சார்ந்த விஷயம்.

எண் எங்கிருந்து வந்தது?

கடையில் "எட்டாம் நம்பர் கொடுங்கள்" என்று கேட்கும்போது நாம் குறிப்பிடும் எண், இந்தியக் கால்களை அளந்து உருவாக்கப்பட்டது அல்ல. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் இங்கு வந்த பிரிட்டிஷ் அளவு முறை அது. அம்முறையில் ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடையிலான வேறுபாடு ஓர் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு. அதாவது சுமார் 8.5 மி.மீ. ஐரோப்பிய முறையிலோ அந்த இடைவெளி சுமார் 6.7 மி.மீ. எனவே இரு அளவுகோல்களும் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்துவதில்லை. பெட்டியின் மேல் அச்சிடப்பட்ட "இணை எண்" தோராயமானதே.

மேலும், பிரிட்டிஷ் எண் குறிப்பது காலின் நீளத்தை அல்ல. காலணி தைக்கப் பயன்படும் கால் வடிவ அச்சின் நீளத்தை. ஒரு நிறுவனத்தின் அச்சு மற்றொரு நிறுவனத்தின் அச்சிலிருந்து வேறுபடும். இதனால்தான் ஒரே எண் கொண்ட இரு காலணிகளில் ஒன்று இறுக்கமாகவும் மற்றொன்று தளர்வாகவும் அமைகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த எண் அகலத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

இந்தக் குறையைப் போக்கும் முயற்சி சென்னை அடையாற்றில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தில் (சி.எல்.ஆர்.ஐ.) மேற்கொள்ளப்பட்டது. 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாட்டின் 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோரின் கால்கள் முப்பரிமாண ஸ்கேனர்கள் மூலம் அளக்கப்பட்டன. பல்வேறு இனக்குழுக்களுக்கு வெவ்வேறு அளவு முறைகள் தேவைப்படலாம் என்று முதலில் கருதப்பட்டாலும், நாடு முழுமைக்கும் ஒரே முறை போதும் என்ற முடிவுக்கு ஆய்வாளர்கள் வந்தனர். இந்தியர்களின் கால்கள் ஐரோப்பியர், அமெரிக்கர் ஆகியோரின் கால்களைவிடப் பொதுவாக அகலமானவை என்பது ஆய்வின் முக்கியக் கண்டறிதல்.

அகலம் போதாததால் பலர் தேவைக்கு மேல் நீளமான காலணியை வாங்குகின்றனர். பின்னர் அது கழன்றுவிடாமல் இருக்க நாடாவை அளவுக்கு அதிகமாக இறுக்கிக் கட்டுகின்றனர். அகலத்துக்காக எண்ணைக் கூட்டி, நீளத்துக்காக நாடாவை இறுக்கும் இந்தப் பழக்கம் இரு வகையிலும் காலுக்குத் தீங்கானது.

ஆய்வின் அடிப்படையில் "பா" என்ற பெயரில் புதிய அளவு முறை முன்மொழியப்பட்டது. பாரதம் என்பதைக் குறிக்கும் இப்பெயரிலான முறை, கைக்குழந்தைகள் முதல் வயது வந்த ஆண், பெண் வரை எட்டுப் பிரிவுகளைக் கொண்டது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பி.ஐ.எஸ்.) பரிசீலனைக்கு இது அனுப்பப்பட்டதாக 2024ஆம் ஆண்டு செய்திகள் வெளியாகின. எந்த முறையின்படி எண் அச்சிடப்பட்டிருந்தாலும், அணிபவரின் காலை அளந்து பார்ப்பதற்கு அது மாற்றாகாது.

நல்ல கடையின் அடையாளம்

காலை அளந்த பிறகே காலணியை எடுத்து வருவது சிறப்புக் காலணிக் கடைகளின் பழைய மரபு. அமெரிக்காவின் சிராகியூஸ் நகரில் காலணிக் கடை நடத்திய குடும்பத்தைச் சேர்ந்த சார்லஸ் பிரானாக், 1920களில் உருவாக்கிய உலோக அளவுகோல் இன்றும் உலகெங்கும் பல கடைகளில் பயன்படுகிறது. குதிகாலிலிருந்து விரல் நுனி வரையிலான நீளம், பாதத்தின் அகலம், குதிகாலிலிருந்து பெருவிரல் அடிமூட்டு வரையிலான தொலைவு ஆகிய மூன்றையும் அது ஒரே நேரத்தில் காட்டும். மூன்றாவது அளவே காலணி எந்த இடத்தில் மடங்க வேண்டும் என்பதை முடிவு செய்கிறது.

அந்தக் கருவி இல்லாத கடையிலும், வீட்டிலும், ஒரு வெள்ளைத்தாளும் பென்சிலும் போதும். தாளின் மேல் நின்ற நிலையில் இரு கால்களின் சுற்றுவரையையும் வரைய வேண்டும். அமர்ந்திருக்கும்போது எடுக்கும் அளவு சரியாக இராது. நிற்கும்போதுதான் எடை இறங்கிப் பாதம் நீண்டு விரிகிறது. பெரும்பாலோருக்கு ஒரு கால் மற்றதைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும். பெரிய காலுக்கே காலணி வாங்க வேண்டும்.

கடையில் கவனிக்க வேண்டிய பிற அம்சங்கள் வருமாறு:

* மாலை வேளையில் வாங்குவது நல்லது. நாள் முழுவதும் நடந்தபின் கால் சற்று வீங்கியிருக்கும்.

* எந்தத் தடிமனான காலுறையை அணிந்து நடக்கப் போகிறோமோ, அதையே அணிந்து பார்க்க வேண்டும்.

* காலணியின் உட்புற நீளம் காலின் நீளத்தைவிட 1 முதல் 2 செ.மீ. கூடுதலாக இருக்க வேண்டும் என்பது நீரிழிவுக் கால் பாதுகாப்புக்கான சர்வதேச வழிகாட்டுதல். மலை இறங்குவோருக்கும் இந்த இடைவெளி உதவும்.

* காலணியின் உட்தகட்டை வெளியே எடுக்க முடிந்தால், அதன் மேல் நின்று பார்க்கலாம். கால் அதன் விளிம்பைத் தாண்டினால் அந்தக் காலணி குறுகலானது.

* காலணியை இரு கைகளாலும் வளைத்தால் விரல்கள் மடங்கும் இடத்தில் மட்டுமே அது மடங்க வேண்டும். நடுவில் மடங்குவதும், துணியைப் பிழிவதுபோல் எளிதில் முறுக்கிக்கொள்வதும் போதிய தாங்குதிறன் இல்லை என்பதற்கான அடையாளங்கள்.

* குதிகாலைச் சுற்றியுள்ள பகுதியைக் கட்டைவிரலால் அழுத்தினால் எளிதில் நசுங்கக் கூடாது.

* கடைக்குள் சில நிமிடங்கள் நடந்து பார்க்க வேண்டும். படிக்கட்டோ சரிவோ இருந்தால் இறங்கிப் பார்க்க வேண்டும். "போகப் போகச் சரியாகிவிடும்" என்ற சொல்லை நம்பி இறுக்கமான காலணியை வாங்கக் கூடாது.

காலை அளக்க முன்வருவது, இரு எண்களில் காலணியை எடுத்து வந்து ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்வது, பொருந்தாதபோது "எங்களிடம் உங்கள் காலுக்கு ஏற்றது இல்லை" என்று வெளிப்படையாகச் சொல்வது ஆகியவையே நல்ல விற்பனைச் சேவையின் அடையாளங்கள்.

இத்தகைய சேவையை வழங்கும் ஊழியரின் காலும் கவனிக்கப்பட வேண்டும். காலணிக் கடை, துணிக்கடை ஊழியர்கள் நாள் முழுவதும் நின்றபடியே பணிபுரியும் நிலைக்கு எதிராகக் கோழிக்கோட்டில் பெண் தொழிலாளர்கள் நடத்திய போராட்டத்தைத் தொடர்ந்து, கேரளம் 2018ஆம் ஆண்டு சட்டத் திருத்தத்தின் மூலம் அவர்களுக்கு அமரும் உரிமையை வழங்கியது. தமிழ்நாடு 2021ஆம் ஆண்டு அதேபோன்ற திருத்தத்தை நிறைவேற்றியது.

வலி தெரியாத கால்

மேற்கண்ட சோதனைகள் அனைத்தும், காலணி கடித்தால் வலிக்கும் என்ற அடிப்படையில் அமைந்தவை. நீண்டகால நீரிழிவில் கால் நரம்புகள் பாதிக்கப்படும்போது அந்த வலி தெரிவதில்லை. காலணிக்குள் விழுந்த சிறு கல்லை அன்று மாலை வரை உணராமல் நடந்தவர்கள் உண்டு. உணர்வு குறைந்தவர்களுக்கு இறுக்கமான காலணியே "பிடிப்பாக" இருப்பதுபோல் தோன்றும் அபாயமும் உள்ளது.

இத்தகைய கால்களுக்கான காலணி அனுபவம் தென்னிந்தியாவில் நீரிழிவுக்கு முன்பே, தொழுநோய் சிகிச்சையில் தொடங்கியது. 1946ஆம் ஆண்டு வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை சிகிச்சை நிபுணர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கால் புண்களுக்கு நோய் தசையை அரிப்பது காரணம் அல்ல, வலியுணர்வு இல்லாததால் ஏற்படும் தொடர் காயங்களே காரணம் என்பதை நிறுவினார். காயம்தான் காரணம் என்றால் அதைத் தடுக்க முடியும். அழுத்தத்தைப் பாதம் முழுவதும் பரப்பும் மென்மையான உட்தகடும், கூரிய பொருள் ஊடுருவாத உறுதியான அடிப்பகுதியும் கொண்ட காலணி அதற்கான வழியானது. வேலூரை அடுத்த கரிகிரி மருத்துவமனையும் இப்பணியில் முக்கியப் பங்காற்றியது.

அவ்வாறு பரவலான மைக்ரோசெல்லுலார் ரப்பர் காலணி, "எம்.சி.ஆர். செருப்பு" என்ற பெயரில் இன்றும் தேசிய தொழுநோய் ஒழிப்புத் திட்டத்தின் கீழ் தேவையுள்ளோருக்கு வழங்கப்படுகிறது. அதே தொழில்நுட்பம் பின்னர் நீரிழிவு நோயாளிகளுக்கும் பயன்பட்டது. சென்னை ராயபுரத்தில் உள்ள எம்.வி. நீரிழிவு மருத்துவமனையின் மருத்துவர்கள் 2004ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு, முன்னர் கால் புண் ஏற்பட்டவர்களில் மென்மையான சிறப்பு உட்தகடு கொண்ட காலணி அணிந்தோருக்குப் பாத அழுத்தம் குறைந்ததையும், சாதாரணக் காலணி அணிந்தோரைவிடப் புதிய புண்கள் குறைவாக ஏற்பட்டதையும் காட்டியது.

நீரிழிவு உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையேனும் கால் உணர்வுப் பரிசோதனை செய்துகொள்வது அவசியம். 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்க்கும் இச்சோதனை சில நிமிடங்களில் முடியும், வலி இல்லாதது. உணர்வு குறைந்திருப்பது தெரிந்தால், விரலிடுக்கில் வார் செல்லும் செருப்பைத் தவிர்த்து, குதிகாலைச் சுற்றி வார் உள்ள காலணியை அணிய வேண்டும். அணியும் முன் ஒவ்வொரு முறையும் உள்ளே கையை விட்டுப் பார்க்க வேண்டும். புதிய காலணியை முதல் நாளிலேயே மலைப்பயணத்துக்கு அணியாமல், வீட்டில் சிறிது நேரம் அணிந்து, கழற்றிய பின் தோலில் சிவப்பு அடையாளம் உள்ளதா எனப் பார்க்க வேண்டும்.

பாதத்தின் வடிவம் மாறியிருந்தால் கடைக் காலணி போதாது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் உடலியல் மருத்துவம் மற்றும் மறுவாழ்வுத் துறைகளை அணுகலாம். தமிழ்நாட்டில், சென்னை கே.கே. நகரில் உள்ள அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இத்தகைய சிகிச்சைக்கான இடங்களுள் ஒன்று.

தோட்டத் தொழிலாளரின் கால்

பொன்முடியின் சரிவுகளில் நாள்தோறும் நடப்பவர்கள் சுற்றுலாப் பயணிகள் மட்டும் அல்லர். இம்மலைப் பகுதியின் தேயிலைத் தோட்டங்களில் வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்களின் வழிவந்தோர் இன்றும் வாழ்கின்றனர். ஈரமும் அட்டைகளும் நிறைந்த சரிவில் கொழுந்து பறிப்போருக்குக் காலணி ஒரு தொழிற்கருவி. ஆயினும், பல பத்தாண்டுகள் நடைமுறையில் இருந்த 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், மழையிலிருந்தும் குளிரிலிருந்தும் தொழிலாளரைக் காக்கக் குடை, கம்பளி, மழைக்கோட்டு ஆகியவற்றையே பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. காலணி, "அவை போன்ற பிற வசதிகள்" என்ற பொதுச் சொல்லுக்குள் தேட வேண்டிய ஒன்றாகவே இருந்தது.

வாங்கிய பிறகு

காலணி வாங்கும்போது ரசீது பெறுவது முக்கியம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, ரசீது தர மறுப்பது முறையற்ற வணிக நடவடிக்கை. குறைபாடுள்ள பொருளை, ரசீதில் குறிப்பிட்ட காலத்துக்குள், அவ்வாறு காலம் குறிப்பிடப்படாவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பதும் அவ்வாறே. ஆகவே, அடிப்பகுதி பிரிந்த காலணியைப் பொறுத்தவரை "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்ற அறிவிப்பு கடையைப் பொறுப்பிலிருந்து விடுவிக்காது. ஆனால் அளவு பொருந்தாமை என்பது குறைபாடு அல்ல. அதற்கு மாற்றித் தருவது கடையின் விதிமுறையைப் பொறுத்தது. அதை வாங்கும் முன்பே கேட்டு, இயன்றால் ரசீதில் எழுதிப் பெற வேண்டும். புகார்களைத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்யலாம்.

மழைக்காலத்தில் பொன்முடிக்கான அனுமதி வானிலையைப் பொறுத்து அவ்வப்போது நிறுத்தப்படுவதால், புறப்படும் முன் அதனை உறுதி செய்துகொள்வது அவசியம். அதே வேளையில், அணியவிருக்கும் காலணியின் அடிப்பகுதியில் உள்ள பள்ளக்கோடுகள் தேய்ந்துள்ளனவா என்பதையும் பார்த்துக்கொள்வது நல்லது. தேய்ந்த அடிப்பகுதி ஈரப் பாறையில் பிடிமானம் தராது என்பது குறிப்பிடத்தக்கது.