கடலைத் தள்ளிவைத்த ஊரில் ஒரு நாள் கடற்குளியல்

சிங்கப்பூரில் பீச் ரோடு என்று ஒரு சாலை உண்டு. பெயரை நம்பித் துண்டும் மாற்றுத் துணியுமாக அங்கே போய் இறங்கினால் கடைகளையும் மாடிக் கட்டடங்களையும்தான் பார்க்கலாம். 1887-ல் ராஃபிள்ஸ் ஹோட்டலைத் திறந்தபோது அதன் எதிரே கடல் இருந்தது. பிறகு மண்ணைக் கொட்டிக் கொட்டிக் கடலை அப்பால் தள்ளிவிட்டார்கள். சாலைக்குப் பெயர் மட்டும் மிஞ்சியது.

பள்ளி விடுமுறையில் ஜோகூர்ப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் பட்டணங்களிலிருந்தும் கடற்பாலம் தாண்டி வரும் நம் குடும்பங்கள், "ஒரு நாள் கடலில் குளித்து, வயிறாரச் சாப்பிட்டுத் திரும்ப வேண்டும், எங்கே போகலாம்?" என்று கேட்பதுண்டு. ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவுக்குப் போங்கள் என்பேன்.

செந்தோசாத் தீவு இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஒரு காலத்தில் பிரிட்டிஷ் பட்டாளம் இருந்த பூலாவ் பிளாக்காங் மாத்தித் தீவுதான் 1970-களில் செந்தோசா ஆயிற்று. மலாய் மொழியில் அமைதி என்று பொருள்; நம் 'சந்தோஷ'த்துக்கு நெருங்கிய உறவுச் சொல். சிலோசோ, பலாவான், தஞ்சோங் என்று மூன்று கடற்கரைகள் அங்கே அழகாகத்தான் உள்ளன. ஆனால் பிள்ளைகள் பார்ப்பதையெல்லாம் கேட்பார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு டிக்கெட். நாலு பேர் உள்ள குடும்பத்துக்குக் கை கடிக்கும். ஈஸ்ட் கோஸ்ட்டில் நுழைவுக் கட்டணம் கிடையாது. மணலும் கடலும் மர நிழலும் இலவசம்.

காலையில் தேக்காவிலிருந்து புறப்படுவதே நல்லது. கீழ்த்தளத்தில் சந்தை, பக்கத்திலேயே சாப்பாட்டுக் கடைகள். இட்லியோ தோசையோ சாப்பிட்டுவிட்டு, வாழைப்பழம் ஒரு சீப்பு வாங்கிக்கொள்ளுங்கள். கட்டுச்சோறு கொண்டு போகிறவர்களுக்குப் புளியோதரைதான் கடற்கரைக்கு ஏற்றது. தேங்காய்ச் சட்னி இந்த வெயிலில் மதியம் வரை தாங்காது. லிட்டில் இந்தியா நிலையத்தில் ரயிலேறி, ஊட்ரம் பார்க்கில் மாறினால், மரின் பரேட் நிலையத்தில் இறங்கலாம். 2024 ஜூனில்தான் அந்தப் பாதை திறந்தது. அதற்கு முன் பெட்டியும் பாயும் தூக்கிக்கொண்டு பஸ் மாறிப் போனவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

மரின் பரேட்டில் இறங்கி நடக்கிறீர்களே, அந்தத் தரையே முன்பு கடல்தான். 1966-ல் தொடங்கி இருபது ஆண்டுக் காலம் இந்தக் கரையில் கடலைத் தூர்த்தார்கள். பிடோக் பக்கத்துக் குன்றுகளை வெட்டி, அந்த மண்ணைக் கொண்டுவந்து கொட்டி, 1,525 ஹெக்டேர் நிலத்தை எடுத்தார்கள். அடுக்குமாடி வீடுகளும் நெடுஞ்சாலையும் பூங்காவும் வந்தன. காத்தோங்கில் கடல் பார்த்து நின்ற பங்களாக்கள் ஊருக்குள் போய்விட்டன. காத்தோங் பூங்காவில் கடலுக்குள் வேலியடித்துப் 'பாகார்' கட்டி, அதற்குள் சனங்கள் நீந்தியதைப் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். அந்தப் பூங்கா இருக்கிறது, பாகார் இல்லை. சிலோன் ரோட்டில் உள்ள செண்பக விநாயகர் கோயில், 1850-களில் குளக்கரைச் செண்பக மரத்தருகே கிடைத்த விநாயகரை வைத்து இலங்கைத் தமிழர்கள் வளர்த்த கோயில். அதற்கும் கடலுக்கும் அன்றைக்கு இருந்த தூரம் வேறு, இன்றைக்கு இருக்கும் தூரம் வேறு. நேரமிருந்தால் போகிற வழியில் கும்பிட்டுவிட்டுப் போகலாம்.

கொட்டிய மணலை அலை அரித்துக்கொண்டு போகாதா? போகும். அதற்காகத்தான் கரையோரம் இடைவெளி விட்டு இடைவெளி விட்டுப் பெரிய கற்களைக் குவித்து வைத்திருக்கிறார்கள். இரண்டு கற்குவியலுக்கு நடுவே அலை மோதி, மணல் வளைந்து தங்கி, சிறு சிறு வளைகுடாவாகிவிட்டது. மேலிருந்து பார்த்தால் அரிவாள் வளைவுபோல் வரிசையாகத் தெரியும். குளிக்க வேண்டியது அந்த வளைவின் நடுவில். கற்களின் பக்கம் பிள்ளைகளை விடாதீர்கள். பாசி வழுக்கும், சிப்பி காலைக் கிழிக்கும்.

குளியல் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். கடற்கரையில் நம் கூட்டத்தை எளிதில் அடையாளம் காணலாம். ஆண்கள் இடுப்பளவு நீரில் நிற்பார்கள். பெண்கள் கணுக்காலை நனைத்துக்கொண்டு, கரையில் செருப்புக்கும் கைப்பைக்கும் காவல். நீந்துகிறவர் அரிது. ஆற்றங்கரையிலும் கிணற்றடியிலும் வளர்ந்த பாட்டனார் நீந்துவார், பேரனுக்குத் தெரியாது. சிங்கப்பூரில் 2010 முதல் 'சுவிம்சேஃபர்' என்ற திட்டத்தின் கீழ் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு நீச்சலோடு, நீரில் உயிர் காத்துக்கொள்ளும் முறையையும் கற்றுத் தருகிறார்கள். மிதப்பது, மூச்சடக்குவது, தவிக்கிறவனுக்குக் கழியோ கயிறோ நீட்டுவது எல்லாம் அதில் உண்டு. ஆகவே பத்து வயதுப் பெண் தைரியமாக நீந்த, தாய் கரையில் நின்று "போதும், வாம்மா!" என்று கத்துவதைப் பார்க்கலாம். அந்தத் தாயும் கற்றுக்கொள்ளலாமே! உடை ஒரு தடையல்ல. முழங்கை, கணுக்கால் வரை மூடும் நீச்சலுடை கடைகளில் தாராளமாகக் கிடைக்கிறது. சேலையோடும் சுடிதாரோடும் ஆழத்தில் இறங்குவதுதான் ஆபத்து. நனைந்த துணி காலைச் சுற்றி இழுக்கும்.

இன்னும் இரண்டு எச்சரிக்கை. இந்த ஊரில் ஆண்டில் ஏறக்குறைய பாதி நாள் எங்காவது இடி இடிக்கும். முழக்கம் கேட்டதும் கரையேறி ஒரு கட்டடத்துக்குள் போய்விடுங்கள், மரத்தடி வேண்டாம். ஜெல்லி மீன் சில சமயம் வரும். பட்டால் தேய்க்காமல் உடனே கரைக்கு வந்து உதவி கேளுங்கள்.

உப்புநீரில் ஊறிய உடம்புக்குப் பசி இரட்டிப்பு. கடலைப் பார்த்தபடியே ஈஸ்ட் கோஸ்ட் லகூன் உணவு மையம் இருக்கிறது, 1970-களிலிருந்து. அடுப்புக் கரியில் வாட்டிய சாத்தே, வாழையிலையில் சம்பால் பூசிச் சுட்ட திருக்கை, கரும்புச்சாறு, இளநீர். திருக்கை மீனைப் பார்த்து முகம் சுளிக்கிற மாமியாரும் ஒரு வாய் வைத்த பிறகு தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வார். சைவக்காரர்களுக்கு இங்கே தேர்வு குறைவு, கட்டுச்சோறு கைகொடுக்கும். கடல் உணவுக்கு விலையை முன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், எடைக்கு விற்கிறவர்கள் உண்டு. சாப்பிட்டபின் தட்டை நாமே எடுத்து வைக்க வேண்டும். 2021 முதல் இதுவே சட்டம்; மீறினால் அபராதம் வரும்.

வெயில் தாழ்ந்ததும் மணலில் உட்கார்ந்தால் எதிரே கப்பல்கள் வரிசை வரிசையாக நங்கூரமிட்டு நிற்பதைப் பார்க்கலாம். அழகான காட்சிதான். ஆனால் 2024 ஜூன் 14-ல் பாசிர் பாஞ்சாங் முனையத்தில் ஒரு தூர்வாரும் கப்பல் எண்ணெய்க் கப்பலில் மோத, சுமார் 400 டன் எரியெண்ணெய் கடலில் கொட்டியது. கறுப்புப் படலம் செந்தோசாவிலும் இந்தக் கரையிலும் ஒதுங்கியது. கடற்கரையை மூடி, எண்ணெய் படிந்த மணலை வாரி அப்புறப்படுத்தினார்கள். குளிக்கக் கடல் மீண்டும் திறக்கும்வரை பலரும் கரையில் நின்று பார்த்துவிட்டுத்தான் திரும்பினார்கள்.

கரை மறுபடியும் நகரப்போகிறது. 2023 நவம்பரில் அரசாங்கம் அறிவித்த 'லாங் ஐலண்ட்' திட்டப்படி, இந்தக் கடற்கரைக்கு எதிரே ஏறக்குறைய 800 ஹெக்டேர் நிலத்தைக் கடலிலிருந்து எடுப்பார்கள். புவி சூடேறிக் கடல் மட்டம் உயர்ந்தால் தாழ்வான இந்தப் பகுதி மூழ்கிவிடக்கூடாது என்பதே நோக்கம். புதிய நிலத்துக்கும் இன்றைய கரைக்கும் நடுவே நன்னீர்த் தேக்கம் வரும். முடியப் பல ஆண்டுகள் ஆகும். அப்போது இந்த மணலில் உட்காருகிற பிள்ளைகளுக்கு எதிரே ஏரிதான் இருக்கும். கடலுக்கு அப்பால் போக வேண்டும். தேவையில்லை என்று சொல்லிவிட முடியாது. வீடு முழுகாமல் இருப்பது முக்கியம். ஆனாலும் உப்புக்காற்றில் வளர்ந்தவர்களுக்கு மனம் கொஞ்சம் கனக்கத்தான் செய்யும்.

இரவுச் சாப்பாட்டுக்குத் தேக்காவுக்கே திரும்பலாம். ரேஸ் கோர்ஸ் ரோட்டில் வாழையிலை போட்டு மீன் தலைக் கறி பரிமாறும் கடைகள் உள்ளன. முத்து'ஸ் கறி 1969-லும் பனானா லீஃப் அப்போலோ 1974-லும் தொடங்கியவை. மீன் தலையைத் தென்னிந்தியக் குழம்பில் வேகவைத்துச் சீனர்களுக்கும் பிடிக்கும்படி செய்தவர் கேரளத்துக்காரரான எம்.ஜே. கோமஸ் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. ஒரு தலை மூன்று பேருக்குத் தாராளம். கன்னத்துச் சதையைப் பெரியவர்களுக்கு எடுத்து வைத்துவிடுங்கள்.

ஜோகூர் போகிறவர்களுக்கு குவீன் ஸ்திரீட் நிலையத்திலிருந்து பஸ் உண்டு. ஞாயிறு இரவில் குடிநுழைவு வரிசை நீளம். கைக்குழந்தை இருந்தால் எட்டு மணிக்குள் கைகழுவிப் புறப்பட்டுவிடுங்கள்.