மலைச் சாலையில் மிதிவண்டி: ஏறுமுன் அறிய வேண்டியவை

மூலக்குளத்தில் மிதிவண்டி ஓட்டுபவருக்கு ஏற்றம் என்றால் அரும்பார்த்தபுரம் ரயில்வே மேம்பாலம்தான். அதைக் கடந்துவிட்டால் வில்லியனூர்ப் பக்கமும் ஊசுட்டேரிப் பக்கமும் நிலம் சமதளமாகவே கிடக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையும் அப்படியே. இச்சாலைகளில் பழகியவர்கள் சிலர், கியர் பொருத்திய ரோடு பைக் ஒன்றை வாங்கியதும் மலையேற விரும்புகிறார்கள். புறநோயாளர் பிரிவில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது: "டாக்டர், நாள்தோறும் முப்பது கிலோமீட்டர் ஓட்டுகிறேன். கொல்லிமலை ஏறலாமா?"

இதய மருத்துவன் என்ற முறையிலும், அம்மலையை மிதிவண்டியில் ஏறியவன் என்ற முறையிலும் இதற்கு விடை கூற முயல்கிறேன். சமதளத்தில் ஓட்டிய தூரத்தைக் கொண்டு மலையேறும் தகுதியை அளக்க இயலாது என்பதே அதன் சாரம்.

சமதளமும் ஏற்றமும்

நாமக்கல் மாவட்டத்தில் காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லிமலைக்குச் செல்லும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. மேலே ஊர்கள் கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் அமைந்துள்ளன.

சமதளத்தில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் செல்ல 60 முதல் 80 வாட் வரையிலான திறன் போதும். இப்போது, ஒவ்வொரு 100 மீட்டருக்கும் 7 மீட்டர் உயரும் சாலையை எண்ணிப் பாருங்கள். ஆளும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ என்றால், மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுவதற்கே ஏறத்தாழ 165 வாட் தேவைப்படும். வேகம் பாதியாகிறது, உழைப்போ இரு மடங்கைத் தாண்டுகிறது.

இதை மருத்துவமனையில் நாங்கள் செய்யும் டிரெட்மில் பரிசோதனையோடு ஒப்பிடலாம். வழக்கமான முறையில் மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை வேகமும் சரிவும் கூட்டப்படும். நான் மேலே கூறிய ஏற்றம் அப்பரிசோதனையின் மூன்றாம் கட்டத்தை நெருங்கும் உழைப்பு. அந்தக் கட்டம் மூன்றே நிமிடம் நீடிக்கும். அருகில் மருத்துவரும் ஈ.சி.ஜி. கருவியும் இருப்பார்கள். மலையிலோ அதே உழைப்பு ஒரு மணி நேரத்துக்கும் மேல் நீடிக்கிறது. அருகில் எவரும் இல்லை.

வேறுபாடுகள் இன்னும் இரண்டு உண்டு. சமதளத்தில் களைத்தால் மிதிப்பதை நிறுத்தலாம். வண்டி உருண்டுகொண்டே செல்லும், இதயத்துக்கு ஓய்வு கிடைக்கும். ஏற்றத்தில் மிதிப்பதை நிறுத்தினால் சில நொடிகளில் வண்டி நின்றுவிடும். ஆகவே இடைவெளியற்ற உழைப்பு. அடுத்தது வெப்பம். வேகம் குறைவதால் உடலின் மீது காற்று வீசுவதில்லை. வியர்வை ஆவியாவது குறைந்து உடல் சூடேறுகிறது. உடலைக் குளிர்விக்கத் தோலுக்கும், மிதிக்கத் தசைகளுக்கும் ஒரே நேரத்தில் இரத்தம் அனுப்ப வேண்டியிருப்பதால் இதயத் துடிப்பு மேலும் உயர்கிறது.

முப்பதாவது வளைவுக்குப் பின்

சில ஆண்டுகளுக்கு முன் நண்பர்கள் நால்வர் கொல்லிமலை ஏறினோம். அவர்களில் ஒருவருக்கு வயது 52. மரக்காணம் வரை ஓட்டிச் சென்று திரும்புவது அவருக்கு ஞாயிற்றுக்கிழமை வழக்கம். எங்களில் மிகவும் வலிமையானவர் அவரே என்று நினைத்திருந்தோம். முப்பதாவது வளைவைத் தாண்டியதும் அவர் பின்தங்கினார். நின்று பார்த்தபோது மார்பின் நடுவே உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். "வாயுதான் டாக்டர். காலையில் இட்லி அதிகம் சாப்பிட்டுவிட்டேன்" என்றார். ஐந்து நிமிடம் அமர்ந்ததும் வலி அகன்றது. "பாருங்கள், சரியாகிவிட்டது. போகலாம்" என்று எழுந்தார்.

நான் ஒரு கணம் தயங்கினேன் என்பதை இங்கு ஒப்புக்கொள்ள வேண்டும். மருத்துவமனையில் ஒரு நோயாளி இதையே கூறியிருந்தால் தயங்கியிருக்க மாட்டேன். உழைக்கும்போது தோன்றி, ஓய்வெடுத்தால் மறையும் மார்பு இறுக்கம் இதயத் தமனி அடைப்பின் பாடநூல் இலக்கணம். ஓய்வில் வலி மறைந்தது ஆறுதல் தரும் செய்தியன்று, அதுவே எச்சரிக்கை. வண்டிகளை அங்கேயே நிறுத்தி, அவ்வழியே வந்த சரக்கு வாகனத்தில் அவரை ஏற்றி அடிவாரத்துக்கு அழைத்து வந்தேன். அவர் என் மீது கோபமாகவே இருந்தார். அன்றே மருத்துவமனையில் சேர்த்தோம். ஆஞ்சியோகிராமில் முதன்மையான இடப்புறத் தமனி ஒன்று பெருமளவு அடைபட்டிருந்தது தெரியவந்தது.

மரக்காணம் வரை அவருக்கு ஏன் வலி வரவில்லை? அந்தக் குறுகிய தமனி, சமதள உழைப்புக்குத் தேவையான இரத்தத்தைக் கொடுத்துவந்தது. தேவை இரு மடங்கானபோது அதனால் ஈடுகொடுக்க முடியவில்லை. மலை நோயை உண்டாக்கவில்லை. இருந்த நோயை வெளிக்காட்டியது.

உடனே நிறுத்த வேண்டிய அறிகுறிகள்

• மார்பில் இறுக்கம், பாரம், எரிச்சல்
• தாடை, கழுத்து, இடக்கை அல்லது முதுகுக்குப் பரவும் வலி
• வேகத்தைக் குறைத்த பின்னும் தணியாத மூச்சுத் திணறல்
• தலைசுற்றல், கண் இருளல், ஒழுங்கற்ற படபடப்பு
• திடீரெனக் குளிர்ந்த வியர்வை
• வெயிலில் உடல் சில்லிடுதல், பேச்சில் குழப்பம்

நீரிழிவு உள்ளவர்களுக்கு மார்பு வலியே இல்லாமல் மூச்சுத் திணறல் மட்டும் தோன்றக்கூடும். ஓய்வெடுத்த பின் அறிகுறி மறைந்தாலும் ஏற்றத்தைத் தொடராதீர்கள். வாகனத்தில் இறங்கி அன்றே மருத்துவரைப் பாருங்கள். அறிகுறி மறையாவிட்டால் 108-ஐ அழையுங்கள்.

களைப்பு ஒரு காவலாளி

1967 ஜூலை 13 அன்று, பிரான்சு நாட்டுப் பந்தயமான தூர் த பிரான்சில், மோன் வந்தூ மலையேற்றத்தின்போது டாம் சிம்ப்சன் என்ற பிரித்தானிய வீரர் விழுந்து இறந்தார். அவருக்கு வயது 29. கடும் வெயில், நீரிழப்பு ஆகியவற்றோடு, ஆம்ஃபெட்டமின் என்ற ஊக்க மருந்தும் மதுவும் அவர் உடலில் இருந்தன. அம்மருந்து வலிமையைப் படைப்பதில்லை. 'நிறுத்து' என்று உடல் இடும் கட்டளையைக் காதில் விழாமல் செய்கிறது. இன்று கடைகளில் விற்கும் 'எனர்ஜி' பானங்களை அளவின்றி அருந்திவிட்டு மலையேறும் இளைஞர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும். வலிநிவாரணி மாத்திரையை விழுங்கிவிட்டு ஏறுவதும் தவறு. நீர் வற்றிய உடலில் அது சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும்.

புறப்படுமுன்

நாற்பது வயதைக் கடந்தவர்கள், நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், புகைப்பழக்கம் உள்ளவர்கள், குடும்பத்தில் இளவயது மாரடைப்பு கண்டவர்கள் முதலில் மருத்துவப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். டிரெட்மில் பரிசோதனை நன்று. ஆயினும் அது இயல்பாக இருப்பது முழு உத்தரவாதம் ஆகாது. மேற்கண்ட அறிகுறிகளைக் கவனிக்கும் கடமை அப்போதும் உண்டு.

காய்ச்சல் வந்து தேறிய உடனே ஏறாதீர்கள். இன்சுலின் அல்லது சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரிடம் அளவைக் கேட்டறிந்து, குளுக்கோஸைச் சட்டைப் பையில் வைத்திருங்கள்.

'220-இலிருந்து வயதைக் கழித்தால் உச்ச இதயத் துடிப்பு' என்பது தோராயக் கணக்கே. மெட்டோப்ரோலால், பிசோப்ரோலால் போன்ற மாத்திரைகள் துடிப்பைக் குறைப்பதால், அவற்றை உட்கொள்பவர்களுக்கு அக்கணக்குப் பொருந்தாது. எளிய அளவுகோல் பேச்சே. ஏறும்போது ஒரு முழு வாக்கியத்தைப் பேச முடிந்தால் வேகம் சரி. ஓரிரு சொற்களுக்கே மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறையுங்கள்.

கியரிலும் கவனம் வேண்டும். முன்புறச் சிறிய பற்சக்கரத்தில் 34 பற்களும் பின்புறப் பெரிய பற்சக்கரத்தில் 34 பற்களும் இருந்தால், பெடல் ஒருமுறை சுற்றச் சக்கரமும் ஒருமுறையே சுற்றும். மெதுவாக ஏறும்போதும் கால்கள் நிமிடத்துக்கு 60 சுற்றுக்கு மேல் இலகுவாகச் சுழலும். பந்தயத்துக்கான கனத்த கியரில் முழங்காலும் தசையும் வீணாகத் துன்புறும். உச்சியை அடைந்ததும் சட்டென்று நின்றுவிடாமல் ஐந்து நிமிடம் மெல்ல மிதியுங்கள். இரத்தம் கால்களில் தேங்கி மயக்கம் வருவதை இது தடுக்கும்.

இறங்கும்போது வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். வளைவுக்குள் பிரேக்கை அழுத்தாதீர்கள். பிரேக்கைத் தொடர்ந்து பிடித்திருந்தால் சக்கர விளிம்பு சூடேறும். அவ்வப்போது விட்டுப் பிடியுங்கள். தலைக்கவசம் இன்றி ஏறவும் வேண்டாம், இறங்கவும் வேண்டாம்.

என் நண்பருக்கு ஸ்டென்ட் பொருத்தப்பட்டது. நடைப்பயிற்சியில் தொடங்கி, மருத்துவக் கண்காணிப்பில் படிப்படியாகப் பயிற்சியை உயர்த்தி, சில மாதங்களில் மீண்டும் மிதிவண்டி ஏறினார். தொடக்கத்தில் அவருக்கு நான் விதித்த எல்லை, பேசிக்கொண்டே அரும்பார்த்தபுரம் மேம்பாலத்தை ஏறுவது. இன்று மரக்காணம் சென்று திரும்புகிறார். கொல்லிமலையின் மீதி வளைவுகளை எப்போது முடிக்கலாம் என்று ஒவ்வொரு பரிசோதனையின்போதும் கேட்கிறார். அடுத்த டிரெட்மில் பரிசோதனையின் முடிவைப் பார்த்துச் சொல்வதாகக் கூறியிருக்கிறேன்.