கானலுக்கு அப்பால் ஒரு பூநாரை

தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி என்பது நம் முன்னோர் வாக்கு. கண்ணால் மாத்திரம் பார்த்து மகிழ்வோர்க்கு அந்தக் குளிர்ச்சி போதும். கமராவைக் கையிலே தூக்கியவர்க்கோ அது போதுவதில்லை. தூரத்தில் நிற்பதை அருகே கொணர்ந்து, அதன் இறகுகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்கும் ஆசை அவர்களைப் பிடித்து ஆட்டுகின்றது. அந்த ஆசையைத் தீர்ப்பதற்கென்று பிறந்ததே டெலிபோட்டோ என்னும் தொலைவில்லை. அத்தகைய வில்லையொன்றை, இக்காலத்து நடுத்தர அளவு டிஜிட்டல் கமராவிற் பூட்டிக்கொண்டு, மன்னார்க் கரையிலே சில காலைப் பொழுதுகளைக் கழிக்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. அங்கு நாம் கற்றதையும், கற்பதற்கு முன்னர் இழந்ததையும் வாசகர்களுக்குக் கூற விரும்புகின்றோம்.

பெரிய பலகணி

நடுத்தர அளவுக் கமரா என்பது புதிய சரக்கன்று. முன்னாளைய கலியாண வீடுகளிலே, கமராவை வயிற்றோடு அணைத்துப் பிடித்து, மேலிருந்து குனிந்து பார்த்துப் படமெடுத்த ஸ்டூடியோக்காரரை மூத்த வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அவர் கையில் இருந்தது 120 என்னும் இலக்கமுடைய சுருள் பிலிம் இட்ட கமரா. அதன் நெகட்டிவ் ஏறக்குறைய ஆறு சென்ரிமீற்றர் சதுரம். பின்னர் எங்கும் பரவிய 35 மில்லிமீற்றர் பிலிமின் நெகட்டிவோ 36 மி.மீ. நீளமும் 24 மி.மீ. அகலமுமே உடையது. நெகட்டிவ் பெரிதானால், அதிலிருந்து பெருப்பித்தெடுக்கும் படமும் தெளிவாயிருக்கும். பெரிய கமராவின் பெருமை பெரும்பாலும் இதிலேயே அடங்கியிருக்கின்றது.

இன்று பிலிமின் இடத்தில் ஒளியை உணரும் தகடொன்று இருக்கின்றது. நம் நண்பரொருவர் பல்லாண்டு பணஞ் சேர்த்து வாங்கிய பியூஜிபிலிம் கமராவில் அத்தகடு 43.8 மி.மீ. நீளமும் 32.9 மி.மீ. அகலமும் கொண்டது. 35 மி.மீ. நெகட்டிவிலும் பார்க்க அதன் பரப்பு ஒன்றரை மடங்குக்கு மேலானது. அதிலே 102 மெகாபிக்சல், அதாவது பத்துக் கோடியே இருபது இலட்சம் புள்ளிகள். இதற்கு அவர் பூட்டியது, 2024ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த 500 மி.மீ. குவியத் தூரமுள்ள வில்லை. கமராவும் வில்லையும் சேர்ந்து இரண்டேகால் கிலோ நிறை.

இங்கே புதியவர்கள் பலர் ஏமாறும் இடமொன்றுண்டு. கமரா பெரிதானால் தூரத்துப் பொருளும் பெரிதாகத் தோன்றும் என்று அவர்கள் எண்ணுகின்றனர். உண்மையோ நேர்மாறானது. ஒரு வில்லை தகட்டின்மேல் விழுத்தும் பறவையின் உருவம் எந்தக் கமராவிலும் ஒரே அளவினதே. தகடு பெரிதாகும்போது அவ்வுருவத்தைச் சுற்றிலுமுள்ள வெளியும் கூடுதலாகப் படத்தில் வந்து விழுகின்றது. சிறிய சன்னலைக் கழற்றிவிட்டுப் பெரிய பலகணி வைத்தால், எதிர்வீட்டு மரம் பெரிதாவதில்லை. அதற்கு இருபுறத்து வேலியும் சேர்ந்து தெரிகின்றது, அவ்வளவுதான். ஆகவே 500 மி.மீ. வில்லையானது இக்கமராவில், 35 மி.மீ. கமராவிலே 396 மி.மீ. வில்லை காட்டும் காட்சியைத்தான் காட்டும்.

கணக்கிட்டுப் பார்ப்போம். 200 மீற்றருக்கு அப்பால் ஒரு பூநாரை நின்றால், படத்தில் அடங்கும் வெளி பதினேழரை மீற்றர் அகலமும் பதின்மூன்று மீற்றர் உயரமுமாகும். பறவையின் உயரம் ஒன்றேகால் மீற்றரளவு. படத்தில் அது பத்திலொரு பங்கையே பிடிக்கும். “இவ்வளவு பணங் கொடுத்தும் பறவை இத்தனை சிறிதா?” என்று வீட்டார் வினவினால் விடை கூறுவது சிரமந்தான்.

ஆனால் விடை இல்லாமற் போகவில்லை. அத்தூரத்திலே தகட்டின் ஒவ்வொரு புள்ளியும் பறவையின் உடலில் ஒன்றரை மில்லிமீற்றர் அளவை மாத்திரம் பார்க்கின்றது. சுற்றியுள்ள வெளியை வெட்டி எறிந்தாலும், பறவையின் உச்சி முதல் பாதம் வரை எண்ணூறுக்கு மேற்பட்ட புள்ளிகள் எஞ்சும். பெரிய கமராக்காரரின் செல்வம் இப்புள்ளிகளே. அச்செல்வம் எவ்வளவு எளிதிற் கரையக்கூடியது என்பதை மன்னாரிலேதான் அறிந்தோம்.

பறவைப் பித்தர் ஒருவர்

பெரிய கமராவையும் பறவையையும் ஒருங்கே நினைத்தவர்களில் நம் நண்பர் முதல்வர் அல்லர். சுவீடன் நாட்டுக் கோதன்பர்க் நகரிலே 1906ஆம் ஆண்டில் விக்ரர் ஹசல்பிளாட் என்பவர் பிறந்தார். இளமை முதலே பறவைகளில் ஆறாத மோகங் கொண்ட இவர், 1935ஆம் ஆண்டில் வலசைப் பறவைகள் பற்றித் தாம் எடுத்த படங்களுடன் நூலொன்றையும் வெளியிட்டார். இரண்டாம் உலக யுத்தம் மூண்டபோது, சுவீடன் விமானப் படையினர் வானிலிருந்து படமெடுக்கும் கமரா வேண்டுமென்று 1940இல் இவரை நாடினர். யுத்தம் முடிந்தபின் 1948ஆம் ஆண்டிலே, வில்லையையும் பிலிம் பெட்டியையும் வேண்டியபடி கழற்றி மாற்றத்தக்க ஆறு சென்ரிமீற்றர் சதுரக் கமராவை நியூயோர்க் நகரில் உலகுக்கு அறிமுகஞ் செய்தார். 1969ஆம் ஆண்டில் சந்திரனில் மனிதன் இறங்கியபோது அங்கு படமெடுத்ததும் அவருடைய பெயர் தாங்கிய கமராவே. இத்தனைக்கும் மூலம், ஏரிக்கரையிலே பறவைக்காகக் காத்திருந்த ஒரு மனிதரின் மோகம் என்றால் வியப்பன்றோ!

தாம்போதி ஓரத்திலே

மன்னார்த் தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் தாம்போதியின் அயலிலே, வங்காலைப் பறவைகள் சரணாலயம் பரந்து கிடக்கின்றது. 2010ஆம் ஆண்டில் இது ராம்சார் உடன்படிக்கையின்கீழ்ச் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாகப் பதியப்பட்டது. வடக்கே பனி கொட்டும் மாதங்களிலே, பல்லாயிரம் மைல் கடந்த பறவைக் கூட்டங்கள் இவ்வாழமற்ற நீரில் வந்து இறங்குகின்றன. அவற்றிடையே பூநாரைகள் நிற்பதைத் தூரத்தே பார்த்தால், இளஞ் சிவப்புச் சேலையொன்றை யாரோ நீர்மேல் உலரப் போட்டதுபோலிருக்கும்.

முதல் நாள் நாம் போய்ச் சேர்ந்தபோது காலை ஒன்பதரை மணி. வழியிலே தேநீர்க் கடையில் தாமதித்தது நம் குற்றம். நண்பர் கமராவைக் கையிலே பிடித்தபடி படங்களை எடுத்துத் தள்ளினார். திடீரென்று, “அந்தப் பறவையின் காலைப் பாருங்கள்” என்றார். ஒரு பூநாரையின் காலிலே, முழந்தாளுக்கு மேல், வெண்மையாக ஏதோ ஒன்று தெரிந்தது.

பறவை ஆராய்ச்சியாளர்கள் வலசைப் பறவைகளைப் பிடித்து, எழுத்தும் இலக்கமும் பொறித்த வளையங்களைக் காலில் இட்டு விடுவதுண்டு. எங்கேனும் ஒருவர் அவ்வெழுத்தைப் படித்து அறிவித்தால், அப்பறவை எங்கிருந்து எப்பொழுது புறப்பட்டது என்பது வெளியாகும். நாம் கண்டது வளையமா, ஒட்டிக்கொண்ட பாசியா என்பது தெரியவில்லை. வளையமாயின், ஒரு சென்ரிமீற்றர் உயரமுள்ள எழுத்து நம் தகட்டிலே ஆறேழு புள்ளிகளிற் பதியும். மிகத் தெளிவான படமாயின் அதைப் படித்துவிடலாம். சற்று மங்கினாலும் படிக்க இயலாது.

அப்பொழுதுதான் நாம் பெரும் பிழை செய்தோம். “இன்னும் சிறிது கிட்டப் போனால் என்ன?” என்று நண்பரைத் தூண்டியவர் நாமே. செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் முப்பது அடி வைத்திருப்போம். கூட்டம் முழுவதும் ஒரே ஆரவாரத்துடன் எழும்பிப் பறந்தது. வெகுதூரம் பறந்து களைத்து, இரை தேடி வந்த பறவைகளை வீணே எழுப்பிவிட்டோம் என்ற வெட்கம் ஒருபுறம். வளையம் போயிற்றே என்ற துயரம் மறுபுறம்.

கரையில் வலையைச் சீர்செய்துகொண்டிருந்த முதியவர் ஒருவர் நம்மைப் பார்த்துச் சிரித்தார். “தம்பியவை, வெயில் ஏறினாப் பிறகு அங்காலை ஒண்டும் உள்ளபடி தெரியாது. கரையும் ஆடும், தோணியும் ஆடும். நாங்கள் தூரம் பாக்கிறதெண்டால் விடியப்புறத்திலைதான்” என்றார். “ஓம் ஐயா” என்று தலையசைத்தோமேயன்றி, அவர் கூறியதன் பொருள் அப்பொழுது நமக்கு விளங்கவில்லை.

நடுக்கமும் கானலும்

வீட்டிலே படங்களைப் பெருப்பித்துப் பார்த்தபோது ஒன்றேனும் தேறவில்லை. வெண்மையான இடம் மாவைக் கரைத்து ஊற்றியதுபோற் கிடந்தது. வில்லையிலே குறை, விற்றவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுவோம் என்று நண்பர் சினந்தார். ஆறுதலாக இருந்து ஆராய்ந்தபோதுதான் குறை வேறிடத்தில் என்பது தெரிந்தது.

முதலாவது குற்றவாளி நம் கை. இவ்வில்லை ஏறக்குறைய இருபத்தைந்து சென்ரிமீற்றர் நீளமானது. அதன் முனை, தலைமயிரொன்றின் தடிப்பில் முப்பதிலொரு பங்கு அசைந்தாலே போதும். உருவம் ஒரு புள்ளி தள்ளிப் போய்விடும். வில்லையினுள்ளும் கமராவினுள்ளும் நடுக்கத்தைத் தணிக்கும் பொறிகள் உண்டு. அவை பெரிதும் உதவினும், முழுப் பாரத்தையும் அவற்றின் தலையில் ஏற்றலாகாது. குவியத் தூரம் 500 ஆனால் ஷட்டர் வேகம் 1/500 செக்கன் போதுமென்பது பிலிம் காலத்து வாய்பாடு. பத்துக் கோடிப் புள்ளிகளுக்கு அது போதாது. கையிற் பிடிப்பதாயின் 1/1000 செக்கனுக்குக் குறையாமலிருப்பது நன்று.

இரண்டாவது குற்றவாளி கானல். 1/2000 செக்கனில் எடுத்த படங்களும் மங்கியிருந்தன. அவ்வளவு குறுகிய நேரத்திற்குக் கையைக் குறை கூறமுடியாது. மேலும், ஒரு படத்திலே பறவையின் தலை தெளிவாகவும் கால் கலங்கியும் இருந்தது. அடுத்த படத்திலே கால் தெளிந்து தலை கலங்கியிருந்தது. வில்லையிற் குறை இருந்தால் அது படத்துக்குப் படம் இடம் மாறுமா? இடம் மாறுவது காற்றே. வெயிலிற் காய்ந்த நிலம் தன்மேலுள்ள காற்றைச் சூடாக்குகின்றது. சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் ஒளியை ஒரே விதமாக வளைப்பதில்லை. இரண்டுங் கலந்து மேலெழும்போது அவற்றினூடே வரும் ஒளி நெளிந்து வருகின்றது. முதியவர் கூறிய ஆடுங் கரையும் ஆடுந் தோணியும் இவையே.

சிறிய கமராவில் இவ்விரண்டு குற்றமும் இல்லையா என்று கேட்கலாம். அங்கும் உண்டு. புள்ளிகள் குறைவாதலால் அவை வெளியே தெரிவதில்லை. பெரிய கமரா கானலை உண்டாக்குவதில்லை. அதைக் காட்டிக் கொடுக்கின்றது. வில்லைக்கும் பறவைக்கும் நடுவே இருநூறு மீற்றர்க் காற்றும் ஒரு வில்லையாக நிற்கின்றது. அதைக் கடையிற் கொடுத்து மாற்ற முடியாது. அது அடங்கும் வேளை பார்த்துப் போவதே வழி.

மீண்டும் ஒரு காலை

அடுத்த வாரம் விடிவதற்கு முன்னரே கரையில் நின்றோம். இம்முறை கனத்த முக்காலி கொண்டுபோனோம். பாரம் நடுவில் நிற்கும்படி, கமராவை விடுத்து வில்லையின் அடியிலுள்ள பாதத்தையே முக்காலியில் இறுக்கினோம்; நடுத்தண்டை உயர்த்தவில்லை. ஷட்டரைக் கையால் அழுத்தாமல், அழுத்தி இரண்டு செக்கன் கழித்துத் திறக்கும் ஏற்பாட்டைப் பயன்படுத்தினோம். துவாரத்தை எப்.8க்கு மேற் சுருக்கவில்லை. இத்தனை நுண்ணிய புள்ளிகளிலே எப்.11ஐத் தாண்டினால் ஒளி தானே விரிந்து தெளிவைக் குறைக்கும். பறவை சிறகடிக்கும்போது ஓசையற்ற மின்னியல் ஷட்டரைத் தவிர்த்தோம். தகடு வரிசை வரிசையாக மெதுவாகப் படிக்கப்படுவதால், அதில் சிறகு வளைந்து பதிவதுண்டு.

கிழக்கு வெளுத்தது. நீர் அசையவில்லை. நாமும் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. பூநாரைகள் நம்மை ஒரு பொருட்டாக எண்ணாமல் தலைகீழாக அலகை நீரில் அமிழ்த்தி மேய்ந்தன. ஒன்று தலையை நிமிர்த்தி நின்ற கணத்தில் நண்பர் ஷட்டரை அழுத்தினார். அப்படத்திலே அலகின் கரிய நுனியிலிருந்து சொட்டும் நீர்த்துளியும், கண்ணைச் சுற்றிய மஞ்சள் வட்டமும் தெளிவாகப் பதிந்தன. ஒரு முழுச் சுவரை நிறைக்குமளவுக்கு அதனைப் பெருப்பிக்கலாம். எட்டு மணியானதும் கரை ஆடத் தொடங்கிற்று. கமராவைப் பெட்டியில் வைத்தோம்.

அன்று கண்ட பறவைகளின் கால்களையெல்லாம் நண்பர் ஒவ்வொன்றாகப் பெருப்பித்துத் தேடினார். நூற்றுக்கு மேற்பட்ட கால்கள். ஒன்றிலும் வெண்மை இல்லை. அதன்பின் மேலும் மூன்று காலைகள் சென்றோம்; அப்பறவை அகப்படவேயில்லை. வளையமோ, பாசியோ, இன்றுவரை அறியோம்.

அப்பூநாரையின் தெளிவான படம் நண்பர் வீட்டுச் சுவரிலே தொங்குகின்றது. பார்ப்போர் யாவரும் புகழ்கின்றனர். அவரோ, மாவைக் கரைத்ததுபோன்ற அந்த மங்கற் படத்தையும் அழிக்காமல் வைத்திருக்கின்றார். பருவம் திரும்பும்போது மீண்டும் செல்வதாக இருக்கின்றோம். இம்முறை தேநீரை வீட்டிலேயே குடித்துவிட்டுப் புறப்படுவதென்பது ஏகமனதான தீர்மானம்.