நெல்லின் அடியழுகல் நோயும் விதை நேர்த்தியும்

நாற்றங்காலில் சில நாற்றுகள் மட்டும் மற்றவற்றைவிட மிக உயர்ந்து, மெலிந்து, வெளிறி நிற்பின் அது செழிப்பன்று. பூசண நோயின் அறிகுறியாகும். ஜப்பானியர் இதனைப் 'பகானே', அதாவது 'பேதை நாற்று' என்பர். பியூசேரியம் என்னும் பூசணம் சுரக்கும் ஜிப்பெரெல்லின் என்ற பொருளே நாற்றை இவ்வாறு நீளச் செய்கின்றது. 1926-இல் குரோசவா என்னும் ஆராய்ச்சியாளர் இவ்வுண்மையைத் தைவானில் வெளிப்படுத்தினார். சென்னை மாகாணத்தில் இந்நோயை 1931-இல் கே. எம். தாமஸ் விவரித்தார்.

கொல்கத்தாவின் தென்பகுதியான டாலிகஞ்சில் மேற்கு வங்க வேளாண்மைத் துறையின் ஆராய்ச்சிக் கூடங்கள் உள்ளன. நெல்லே உயிராகிய அம்மாநிலம் பூசணத்தின் கொடுமையை நன்கறியும். 1942-இல் பழுப்புப்புள்ளி நோய் அங்கு விளைச்சலைப் பெரிதும் குறைத்தது. மறு ஆண்டே பெரும் பஞ்சம் நேர்ந்தது. அந்நோயை உண்டாக்கியது வேறொரு பூசணம். எனினும் இரண்டும் விதை வழியே பரவுவன. ஆகவே காப்பும் விதையிலேயே தொடங்க வேண்டும்.

விதைக்குரிய மருந்துகளில் முன்பு பரவலாக வழங்கியவை பாதரசக் கூட்டுப்பொருள்கள். இவை பூசணத்தை நன்கு கொன்றன, மனிதரையும் விட்டுவைக்கவில்லை. 1971–72-இல் ஈராக் நாட்டில், பாதரச மருந்திட்ட விதைத் தானியத்தை மக்கள் உணவாகக் கொண்டதனால் மருத்துவமனைகளில் மட்டும் 459 பேர் இறந்தனர். எத்தில் மெர்குரி குளோரைடு, பீனைல் மெர்குரி அசிட்டேட் ஆகியவை இந்தியாவில் தடை செய்யப்பட்டுள்ளன.

அடுத்து வந்தவை பெனோமில், கார்பெண்டசிம் முதலியன. இவை பூசணத்தின் உயிரணுப் பிரிவைத் தடுப்பவை. ஒரே இடத்தைத் தாக்கும் மருந்தாதலின், சிறு மரபு மாற்றம் ஒன்றே பூசணம் தப்புவதற்குப் போதுமானது. ஜப்பானில் பெனோமில் பெருமளவில் வழங்கியபின், அதற்கு அடங்காத வகைகள் தோன்றின. இந்தியாவில் 2018-இல் பெனோமில் தடை செய்யப்பட்டது. கார்பெண்டசிம் கிலோ விதைக்கு 2 கிராம் வீதம் பயன்படுகின்றது. பூசணத்தின் உறையாக்கத்தைக் கெடுக்கும் பிராக்குளோராஸ் வேறு வழியில் செயற்படுவது. ஆயினும் அதற்கும் அடங்காத வகைகள் கொரியாவில் காணப்பட்டன.

எனவே எம்மருந்தும் நிலையான அரண் ஆகாது. மருந்தில்லா முறைகளும் உள்ளன. முட்டை மிதக்கும் அளவுக்கு உப்பிட்ட நீரில் விதையைக் கொட்டினால், நோயுற்ற இலேசான மணிகள் பல மிதக்கும். அவற்றை நீக்கி, எஞ்சியதை நல்ல நீரில் இருமுறை கழுவுதல் வேண்டும். உலர்ந்த விதையை 60 பாகை வெந்நீரில் 10 நிமிடம் வைத்து உடனே குளிர்விக்கும் முறை ஜப்பானில் வழக்கிலுள்ளது; வெப்பம் மிகின் முளைப்புத்திறன் கெடுமாதலின் வெப்பமானி இன்றியமையாதது. சூடோமோனாஸ் நுண்ணுயிர்த் தூளைக் கிலோ விதைக்கு 10 கிராம் கலத்தலும் பயன்தரும்; ஆனால் அதனைப் பூசணக்கொல்லியுடன் சேர்த்தல் கூடாது.

நீண்டு வெளிறிய நாற்றுக்கு எந்த மருந்தும் உயிரளிக்காது. அதனைப் பிடுங்கி அழித்து, நோயற்ற வயலிலிருந்தே அடுத்த பருவத்திற்கு விதையெடுத்தல் நலம். மருந்திட்ட விதையில் எஞ்சியதை மனிதருக்கோ கால்நடைக்கோ ஒருபோதும் உணவாக்கலாகாது.