முன்பே தொடங்கிய கணக்கு

கொரோனாக் கொள்ளைநோய் வந்து போனபின், அதனால் இளைஞர் மனத்துக்கு விளைந்த சேதம் எவ்வளவு என்று அளக்கப் புறப்படுகிறவர்களுக்கு நேரும் முதற் சங்கடம், நோய்க்கு முன் அந்த மனம் எப்படியிருந்தது என்பதற்கு நம்பத்தக்க சாட்சியம் அகப்படாமையே. இன்று துயரப்படுகிறவனைக் கேட்டால், நேற்றெல்லாம் ஆனந்தமாக இருந்ததாகவே சொல்வான். ஞாபகத்தின் சுபாவம் அது. 29 ஆராய்ச்சிகளைத் திரட்டி, 80,879 சிறார்களின் நிலையை 2021-இல் பரிசீலித்தவர்கள், நால்வரில் ஒருவருக்கு மனச்சோர்வின் குறிகளும் ஐவரில் ஒருவருக்கு மனப்பதற்றத்தின் குறிகளும் மிகுந்திருப்பதாகவும், இது முன்னைய அளவைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு என்றும் கூறினார்கள். ஆனால் அந்த முன்னைய அளவு வேறு பிள்ளைகளிடம் எடுத்தது.

இக்குறை இல்லாத ஆராய்ச்சியொன்று அமெரிக்காவில், நியூ ஹாம்ப்ஷயர் மாகாணத்து ஹானோவர் என்னும் சிற்றூரிலுள்ள டார்ட்மத் கலாசாலையில் தற்செயலாக வாய்த்தது. கணினியியல் பேராசிரியர் ஆண்ட்ரூ கேம்பெலும் அவருடைய சகாக்களும் 2013-இலேயே 48 மாணவர்களின் கைப்பேசிச் செயலி வாயிலாகப் பத்து வாரம் அவர்களுடைய போக்கைக் கவனித்திருந்தார்கள். பின்னர் 2017-இல், பட்டம் பெறும்வரை தொடர்வது என்ற சங்கற்பத்தோடு புதிய மாணவர்களைக் கொண்டு மீண்டும் தொடங்கி, மறு வருஷம் இன்னொரு கூட்டத்தையும் சேர்த்துக்கொண்டார்கள். முன்னவர் மூன்றாம் வருஷத்திலும் பின்னவர் இரண்டாம் வருஷத்திலும் இருக்கையில், கொள்ளைநோய் பரவிய 2020 மார்ச் வந்தது.

செயலியின் வேலை விந்தையானது. அறை இருண்டு, சத்தம் அடங்கி, கைப்பேசி அசைவற்றுக் கிடந்தால் பிள்ளை தூங்குகிறது என்று ஊகிக்கும். எங்கெங்கே போயிற்று, எவ்வளவு நேரம் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தது, எத்தனை முறை திரையைத் திறந்தது என்பவற்றையெல்லாம் கேளாமலே குறித்துக்கொள்ளும். வாரம் ஒருமுறை மனநிலை பற்றி நாலு கேள்வியும் கேட்கும்: எதிலும் நாட்டமின்றி இருக்கிறதா, மனம் சோர்கிறதா, படபடப்பு உண்டா, கவலையை நிறுத்த முடியவில்லையா என்று. பெற்ற தாய்கூட இவ்வளவு ஒழுங்காக விசாரிப்பதில்லை. தாயிடம் இவ்வளவையும் ஒப்புவிக்கும் பிள்ளையும் அபூர்வம்.

217 மாணவர்கள் சேர்ந்திருந்த அந்த ஆராய்ச்சியில், நோய் பரவிய பருவத்துக் குறிப்பைப் பார்த்தபோது, அவர்கள் முந்தைய பருவங்களைவிட அதிகமாக உட்கார்ந்தே கிடந்ததும், சோர்வும் பதற்றமும் ஏறியதும், பத்திரிகைகளில் நோய்ச் செய்தி பெருகப் பெருக நடமாட்டம் குறைந்து கைப்பேசி உபயோகம் கூடியதும் தெரிந்தன. அதைவிட முக்கியமானது 2022 வரை தொடர்ந்து பார்த்துக் கண்டது: நோய் தணிந்தபின் சில பழக்கங்கள் பழைய நிலைக்குத் திரும்பின, சில திரும்பவேயில்லை. கதவு திறந்தவுடன் மனமும் திறந்துவிடும் என்று எண்ணிய பெரியவர்களுக்கு இது போதுமான பதில் என்பது என் அபிப்பிராயம்.

ஆயினும், இது வசதியுள்ள ஒரே கலாசாலையின் கதை. தகப்பனுடைய கூலி நின்றுபோன வீட்டுப் பிள்ளையையோ, படிப்பையே விட்டுவிட்ட பிள்ளையையோ இந்தக் கணக்கு காணாது. அவர்களுக்கும் இதையே பொருத்திப் பேசுவது நியாயமாகாது. எனினும், டார்ட்மத்தில் திரட்டிய விவரங்களைப் பெயர் அடையாளம் நீக்கி, யாரும் எடுத்து ஆராயலாமென்று பகிரங்கமாக்கியிருக்கிறார்கள். மனோதத்துவமும் கணினியியலும் பயிலும் நம் மாணவர்கள் அவற்றை ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டு, தங்கள் கலாசாலையிலும் சகமாணவர்களின் சம்மதத்தோடு இத்தகைய கணக்கொன்றை இப்போதே தொடங்கட்டும்.