டிரைவர் சிடி போடாமலே லினக்ஸில் பிரிண்டர் ஓடுவது எப்படி?

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் நின்றிருக்கிறீர்களா? கண்டக்டர் "ஸ்ரீரங்கம், ஸ்ரீரங்கம்!" என்று கூவுவார், போகிறவர் ஏறிக்கொள்வார்.

உங்கள் வீட்டு வைஃபையில் புது பிரிண்டரும் அப்படித்தான் கூவுகிறது: தன் பெயர், வண்ணம் உண்டா, எந்த வகைக் கோப்பை ஏற்கும் என்று.

லினக்ஸில் அந்தக் குரலுக்குச் செவிகொடுப்பது கப்ஸ் என்ற மென்பொருள். 1999-இல் மைக்கேல் ஸ்வீட் என்ற நிரலாளர் வெளியிட்டது. ஆப்பிள் மேக்கிலும் இதுதான். நீங்கள் பிரிண்ட் கொடுத்ததும் பக்கத்தை வரிசையில் வைத்து, பெரும்பாலும் புள்ளிகளாலான படமாக மாற்றி அனுப்புகிறது.

அப்போது தமிழ் எழுத்துரு பிரிண்டருக்குத் தெரிந்திருக்க வேண்டியதே இல்லை. புள்ளி போதும். அருமையான ஏற்பாடு!

பழைய யுஎஸ்பி பிரிண்டர்கள் இப்படிக் கூவாது. அவற்றுக்கு டிரைவர் தேவை. புதிது வாங்கும்போது பெட்டியில் 'ஏர்பிரிண்ட்' என்று இருக்கிறதா பாருங்கள்; இருந்தால் அது இப்படிக் கூவும் பிரிண்டர்.